கயாவின் உரிமையாளர்

நகராட்சி கொடுத்த நாய் உரிமம் மலாயில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘உரிமையாளர், பிரேமலா, மாசாய். இனம், கலப்பு. நிறம், பழுப்பு. மேற்படி நாயை எந்நேரமும் தம் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்புடையவர்.’ கலப்பும் பழுப்பும் நாயைப் பற்றியவை, அவை சரிதான். மிச்சம்தான் கொஞ்சம் இடித்தது.

உரிமம் கைக்கு வந்த அன்று மாலை, முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கட்டுப்பாட்டில் இருக்க வேண்டியது கீழே நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. கூடத்துக்கும் கார் நிறுத்தும் முன்கூடத்துக்கும் நடுவே இருந்த இரும்புக் கிரில்லை யாரோ சரியாகப் பூட்டாமல் விட்டிருந்தார்கள். யாரோ என்றால், வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் மேசைமேல் இருந்தார், மற்றவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். கணவர் சதாசிவம் எல்லைப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேரும்வரை பிரேமலா இறங்கவில்லை. மேலே நின்றபடியே பினாங்கில் இருந்த மகளை அழைத்து, இந்த வீட்டில் இனி ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இருக்க வேண்டும் என்று சொன்னாள். பேசிக்கொண்டிருந்தபோது நாய் கீழே மேசைக்காலில் சாய்ந்து தூங்கிவிட்டது.

பிரேமலாவை எந்த நாயும் இதுவரை கடித்ததில்லை. துரத்தியதும் இல்லை. அவளுடைய பயம், அனுபவம் என்ற மெலிந்த காலை நம்பி நிற்பதல்ல. அது எந்தத் துணையும் இல்லாமல் தானாகவே நிற்கக்கூடியது. வேடிக்கை என்னவென்றால், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பயந்தார்கள். பெட்டி கட்டும் பிரிவில் அவள் லைன் லீடர். அவள் வருவதைக் கண்டால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் வேகத்தைக் குறைப்பான். புதிதாக வந்த மேலாளர்கூட அவளிடம் பேசும்போது தன்னை அறியாமல் கையைக் கட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவள் ஓராண்டாகத் தன் சொந்த வீட்டுக்குப் பின்சந்து வழியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். முன்வாசல் வழியாகப் போனால் நாயைத் தாண்ட வேண்டுமே.

நாயைக் கொண்டுவந்தவள் மகள் லோஷினி. செனாயில் வேலை பார்த்தபோது, விமான நிலையச் சாலையோரச் சாக்கடையிலிருந்து நனைந்த குட்டி ஒன்றைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். ரொட்டியில் தடவும் கயாவின் நிறம், அதனால் பெயர் கயா. ஒரு வாரம்தான் இருக்கும் என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் கம்பெனி அவளைப் பினாங்குக்கு மாற்றியது. அங்கே அவள் எடுத்த வாடகை அறையில் நாய்க்கு இடமில்லை. நாய் எந்த முகவரியில் இருக்கிறதோ அந்த முகவரிக்காரர்தான் உரிமம் எடுக்க வேண்டும். சதாசிவம் விடிவதற்கு முன்பே எல்லையைத் தாண்டுகிறவர். ஆகவே பிரேமலா அரைநாள் விடுப்பெடுத்துப் போய், தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு பிராணிக்கு உரிமையாளராகக் கையெழுத்துப் போட்டாள்.

நாயைக் குளிப்பாட்டுவது, நடக்க அழைத்துப் போவது, முன்கூடத்தைக் கழுவுவது எல்லாம் சதாசிவத்தின் மாலை வேலை. சோறு வைப்பது மட்டும் பிரேமலா. கிரில்லின் அடியில் தட்டை வைத்து, துடைப்பக் கட்டையின் முனையால் வெளியே தள்ளுவாள். தள்ளும்போது, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சோறு வைக்கணும்ல” என்பாள். வீட்டில் கணவருக்குக் கிடைக்கும் ‘ங்க’ நாய்க்கும் கிடைத்தது. மரியாதை அன்பினால் வருவது என்று சொல்கிறவர்கள் பிரேமலாவின் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாம்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் கயாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்து சேர்ந்தது. முன்சுவருக்கு மேலே எது தெரிந்தாலும் எகிறிக் குதித்துக் குரைத்தது. மோட்டார் சைக்கிளில் போகிறவனின் தலைக்கவசம் தெரிந்தால் போதும், நாய் சுவரின் உயரத்துக்கு எழும்பும். சமையல் கேஸ் உருளையான கேஸ் தோங்கைக் கொண்டுவருகிறவர் அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் சாலையின் எதிர்ப்பக்கம் நடக்கப் பழகிக்கொண்டார். தபால்காரர் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட ஆரம்பித்தார். அதிகம் அவதிப்பட்டவர் எதிர்வீட்டுக் காளிதாஸ். அவர் அந்த வரிசை வீடுகளின் குடியிருப்போர் குழுச் செயலாளர், நெட்டையானவர். சுவருக்கு மேலே அவருடைய தலை மட்டும் அல்ல, தோள்வரைக்கும் தெரியும். ஒருநாள் காலையில் பசியாறுவதற்கு ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு அந்தச் சுவரோரமாக வந்தார். கயா எகிறியது. அவர் கை உதறியதில் ரொட்டியும் பருப்புக்குழம்பும் சுவருக்கு உள்ளே போய் விழுந்தன. அன்றிலிருந்து காளிதாஸின் தலையைக் கண்டால் நாய்க்கு ஒரு தனி உற்சாகம்.

காளிதாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சதாசிவத்திடம் பேசினார். தான் நல்லவன் என்பதால்தான் இன்னும் நகராட்சிக்கு எழுதவில்லை, ஆனால் நல்லவனுக்கும் நெஞ்சு ஒன்றுதான், அது வாசலைத் தாண்டும்போதெல்லாம் நின்று நின்று ஓடுகிறது என்றார். சதாசிவம் சண்டையென்றால் ஊரைவிட்டே போய்விடக்கூடிய மனிதர். காளிதாஸ் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டார். லாபிஸில் அவருடைய பழைய சிநேகிதன் சின்னத்தம்பிக்குச் சின்னதாய் ஒரு செம்பனைத் தோட்டமும் கொஞ்சம் டுரியான் மரங்களும் இருந்தன. குலை திருடுகிறவர்கள் தொல்லை தாங்காமல் கொட்டகைக் காவலுக்கு ஒரு நாய் தேடிக்கொண்டிருந்தான். அடுத்த டுரியான் பருவத்தில் மாசாய்ச் சந்தைக்கு லாரியில் பழம் இறக்க வரும்போது நாயை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அன்று சாப்பிடும்போது சதாசிவம் விஷயத்தை நல்ல சேதியாகச் சொன்னார். பிரேமலா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளும் அப்படித்தான் எதிர்பார்த்தாள்.

“கட்டித்தானே வைப்பாரு?” என்றாள்.

“நீளமான சங்கிலிதான்லா. ஓடியாடிக்கிட்டு இருக்கும்.”

“சங்கிலியில என்ன ஓடியாடுறது?”

சதாசிவம் அவளைப் பார்த்தார். உனக்குத்தானே பயம் என்றார். பயம்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அப்புறம் என்ன என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிய தட்டையே இன்னொரு முறை கழுவினாள்.

பதில் இருந்தது, சொல்லத்தான் கூச்சம். வேலை முடிந்து அவள் பின்கதவில் சாவியைப் போடுகிற சத்தம் கேட்டதும், முன்கூடத்தில் கயா கிரில்லுக்கு ஓடி வந்து நிற்கும். அதன் வால் கம்பியில் அடித்து டங் டங்கென்று கேட்கும். மகள் பினாங்கில், கணவர் பாலத்தில். அந்த வீட்டில் அவள் வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்ட உயிர் அது ஒன்றுதான். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் தொழிற்சாலைக் கதையெல்லாம் சொல்வாள். நேபாளத்துப் பெண் ஒருத்தி லேபிளைத் தலைகீழாக ஒட்டியது, மேலாளர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனது. அந்தக் கதையெல்லாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவள் அதுவரை யோசித்ததில்லை. பயப்படுவதற்காகவாவது வீட்டில் ஒருவர் இருந்தார். அவரைச் சங்கிலியில் கட்டப்போகிறார்கள்.

நாயின் விதி இப்படியாக டுரியான் மரங்களின் கையில் போய்ச் சேர்ந்தது. டுரியான் என்றால் உயிரை விடுகிறவள் பிரேமலா. அந்த ஆண்டு மட்டும் பழம் தாமதமாகப் பழுக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள்.

வேண்டுதலோடு முயற்சியும் இருக்கட்டும் என்று நாயைத் திருத்த இறங்கினாள். முதல் ஆயுதம் துடைப்பம். கயா சுவரை நோக்கி எகிறியபோது கிரில்லின் இடுக்கு வழியாகத் துடைப்பத்தை நீட்டி அதட்டினாள். கயா அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு மறுமுனையைக் கவ்வி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் துடைப்பம் நாயிடம் இருந்தது. இரண்டாவது ஆயுதம் குரல். பெட்டி கட்டும் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரல் அவளுக்கு. அதைக் கொண்டு ஒருநாள் “நோ” என்றாள். வரிசை முழுக்க ஒரு கணம் அசைவில்லாமல் போனது. கேஸ் தோங் தூக்கிக்கொண்டு போனவர் அதைக் கீழே வைத்துவிட்டு நின்றார். கயா மட்டும் பரவசமாகி, முன்னைவிட ஓங்கிக் குரைத்தது.

மாலையில் காணொளி அழைப்பில் இதைக் கேட்ட லோஷினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மா, நீங்க கத்தினா அதுக்கு, அம்மாவும் சேர்ந்து குலைக்கிறாங்கன்னுதான் அர்த்தம். ஒரே ஜாலியா இருக்கும்.”

“நான் குலைக்கிறேனா?”

“அது அப்படித்தான் நெனைக்கும்லா. சும்மா திட்டாதீங்க. அது ஏன் குதிக்குதுன்னு மொதல்ல பாருங்க. ஏதோ கெடைக்குது, அதான் குதிக்குது. கெடைக்காம எந்த நாயும் ஒரு வேலைய திருப்பித் திருப்பிச் செய்யாது.”

என்ன கிடைக்கிறது, காளிதாஸ் அண்ணனின் சாபம்தான் கிடைக்கிறது என்றாள் பிரேமலா. லோஷினி விடவில்லை. கைப்பேசியைக் கூடத்து ஜன்னலில் சாய்த்து வைத்து, ஒரு நாள் முழுக்க நாயைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

அந்த ஒரு நாள் சனிக்கிழமையாக அமைந்தது. ஓய்வுநாள் என்பதால்தான் பிரேமலா அதைத் தேர்ந்தெடுத்தாள். சனிக்கிழமைகளில் அவள் தலைமுழுகி, மரக்கறி சமைத்து, காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுத்தான் வாயில் பச்சைத் தண்ணீர் படவிடுவாள். அம்மா தவறியதிலிருந்து அந்த வழக்கம் ஒரு வாரம்கூட விட்டுப்போனதில்லை. ஆனால் சோற்றை முன்சுவரில் வைக்க முன்கூடத்தைத் தாண்ட வேண்டும், முன்கூடத்தில் நாய். அதனால் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சோற்றுத் தட்டோடு பின்கதவு வழியாக இறங்கி, சந்தின் கடைசிவரை நடந்து, வரிசையைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்து, தன் வீட்டுச் சுவருக்கு வெளியே நின்று எம்பிச் சோற்றை வைப்பாள். கா கா என்று கூப்பிடுவாள். மின்கம்பத்திலிருந்து காக்கைகள் இறங்குவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போவாள். வீட்டுக்குள் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுவர் சுத்தமாக இருக்கும். அம்மா ஏற்றுக்கொண்டாள் என்று மனம் நிறையும். பிறகு சாப்பிடுவாள்.

அன்று ஜன்னலில் இருந்த கைப்பேசி, அவள் சந்தில் நடந்துகொண்டிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தது.

சுவருக்கு மேலே பிரேமலாவின் கை தெரிகிறது. சோறு வைக்கப்படுகிறது. காக்கை இறங்குகிறது. கயா ஓடி வந்து ஒரே எம்பாக எம்பிக் குரைக்கிறது. காக்கைகள் சிறகடித்துப் பறக்கின்றன. அந்த அமளியில் சோறு பொலபொலவென்று உள்ளே விழுகிறது. கயா அதை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, சுவரை நிமிர்ந்து பார்த்து, நன்றியோடு உட்கார்ந்துகொள்கிறது.

லோஷினி படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அழைத்தாள். சிரிப்புத் தணிந்ததும் சொன்னாள்: “மா, கயாவுக்கு டிரெய்னர் இல்லைன்னு யார் சொன்னா? வாராவாரம் கிளாஸ் எடுத்திருக்கீங்க. செவுத்து மேல ஏதாச்சும் தெரிஞ்சா குதி, சோறு விழும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

பிரேமலா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். காளிதாஸின் ரொட்டி சானாய் நினைவுக்கு வந்தது. பாவம், நாய் ஒரு விதியைக் கண்டுபிடித்தது. அந்த மனிதர் போய் அதை நிரூபித்துக் கொடுத்தார். ஆனால் அவளைக் குத்தியது அது அல்ல. அம்மாவுக்கு என்று ஓராண்டாக வைத்த சோறெல்லாம் யார் வயிற்றுக்குப் போயிருக்கிறது? அம்மா நாயை வாசற்படி ஏறவிடாதவள். சதாசிவம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பைரவருக்கு வாகனமே நாய்தானே, அவர் கணக்கில் போனதாக நினைத்துக்கொள் என்று ஆறுதல் சொன்னார். நல்ல ஆறுதல்தான். ஆனால் அவள் அம்மா பைரவர் இல்லையே.

அடுத்த சனிக்கிழமை சோற்றைப் பின்சந்தில் வைத்துப் பார்த்தாள். சுலபமான வழி, நாய்க்குத் தெரியவே தெரியாது. ஆனால் முன்வாசல் காக்கைகளுக்குப் பின்சந்து தெரியவில்லை. எறும்புகள் வந்தன, ஒரு மைனா வந்து பார்த்துவிட்டுப் போனது. கா கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டியது. அன்று சாயங்காலம்வரை அவள் சாப்பிடவில்லை. சதாசிவம் இரண்டு முறை தட்டை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு முறையும் தானே எடுத்து மூடினார். சோறு முன்சுவரில்தான் வைக்கப்பட வேண்டும், காக்கைதான் தின்ன வேண்டும், நாய் சும்மா இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து நடந்தாக வேண்டும், டுரியான் பழுப்பதற்குள்.

லோஷினி வழி சொன்னாள். கெட்டதைத் தடுக்காதீர்கள், நல்லதுக்குக் கூலி கொடுங்கள். நாய் தானாக உட்காரும் அந்த நொடியிலேயே ஒரு சொல் சொல்லுங்கள், உடனே வாயில் ஏதாவது போடுங்கள். குதித்தால் திரும்பி நின்றுகொள்ளுங்கள், ஒன்றும் கிடைக்காது. எந்தச் சொல் என்று பிரேமலா கேட்டாள். எதுவானாலும் சரி, எப்போதும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்றாள் மகள். பிரேமலா யோசிக்கவே இல்லை. பெட்டி கட்டும் பிரிவில் அவள் நாள் முழுக்கச் சொல்கிற சொல் ஒன்று இருந்தது. பெட்டி சரியாக இருந்து தேறிவிட்டால், “பாஸ்.”

கூலி என்ன கொடுப்பது என்பதுதான் பேச்சாய்ப் போனது. கோழி ஈரல் கொடு, நாய் உயிரையே கொடுக்கும் என்றார் சதாசிவம். சனிக்கிழமை வீட்டில் ஈரலா என்று பிரேமலா பார்த்த பார்வையில் அவர் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கடைசியில் உப்புப் போடாமல் வேகவைத்த தெம்பே. சோயா மொச்சைக்கட்டி; பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இலையில் மடித்து விற்கிறார்களே, அது. ஒரு துண்டைத் தின்ற கயா மறு துண்டுக்காக எந்த மதத்துக்கும் மாறத் தயாராக இருந்தது.

பயிற்சி கிரில்லுக்கு இப்பாலும் அப்பாலுமாக நடந்தது. கயா கிரில்லுக்கு முன்னால் உட்காரும். “பாஸ்” என்று சொல்லிப் பிரேமலா கம்பிகளுக்கு நடுவே தெம்பேயை வீசுவாள். கயா எகிறி அதைக் காற்றிலேயே கவ்வும். திரும்பவும் உட்காரும், பாஸ், வீச்சு, எகிறல். அவளுக்கு ஒரே பெருமை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

“அலமாக். மா, தூக்கிப் போடாதீங்க. மேல இருந்து சாப்பாடு விழுது, குதிச்சுப் பிடிக்குது. செவுத்துல நடந்த அதே கதைதான். கீழ, வாய்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கணும்.”

“வாய்கிட்டயா?”

“வாய்கிட்டதான்.”

“அதுல பல்லு இருக்கு லோஷி.”

இருக்கத்தானே செய்யும் என்றாள் லோஷினி. பிரேமலா அழைப்பைத் துண்டித்துவிட்டு, சமையலறை முழுக்கத் தேடி, கல்யாணத்துக்குச் சாம்பார் கிண்டுவது போன்ற நீளமான கரண்டி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதில் தெம்பேயை வைத்துக் கம்பிகளின் அடியில் நீட்டினாள். கயா உட்கார்ந்தபடி முகர்ந்து, நாகரிகமாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வேலை சூடுபிடித்தது. மாலையில் சதாசிவம் வேலைக் களைப்போடு வந்து இறங்கியதும், வீட்டுக்குள் வரவிடாமல் அவரைச் சுவருக்கு வெளியே நடக்கவிட்டாள். தலைக்கவசத்தை ஒரு குச்சியில் மாட்டிச் சுவருக்கு மேலே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு அவர் இங்கும் அங்கும் போனார். முதலில் கயா பறந்து போய்க் குதித்தது, ஒன்றும் விழவில்லை. திரும்பிப் பார்த்தது, பிரேமலாவின் முதுகு தெரிந்தது. மெல்ல வந்து கிரில்லடியில் உட்கார்ந்தது. பாஸ். அடுத்த முறை பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பியது. அதற்கடுத்த முறை எழுந்து நின்று, யோசித்து, உட்கார்ந்தது. காளிதாஸ் தன் வாசலில் நின்று, தலைக்கவசத்தைக் குச்சியில் தூக்கிக்கொண்டு உலாவும் சதாசிவத்தை நெடுநேரம் பார்த்தார். சிங்கப்பூர் வேலை மனிதனை என்ன பாடு படுத்துகிறது என்று மனைவியிடம் சொன்னதாகப் பின்னால் கேள்வி.

தலைக்கவசம் பாஸ், கேஸ் தோங் பாஸ், தபால்காரரின் தொப்பியும் பாஸ். காக்கை மட்டும் பாக்கி. தலைக்கவசம் கிரில்லிலிருந்து பார்க்கும்போது வெறும் தலைக்கவசம். காக்கை என்றால் சோறு. காக்கையைக் கண்டால் கயா கிரில்லடியில் இருக்காது, சுவரடிக்குப் போய்விடும். சுவரடிக்குக் கரண்டி எட்டாது. எட்ட வேண்டுமென்றால் நீங்கள் வெளியே வர வேண்டும் என்றாள் லோஷினி. பார்க்கலாம் என்றாள் பிரேமலா. அந்தப் ‘பார்க்கலாம்’ எவ்வளவு நீளமானது என்று மகளுக்குத் தெரியும்.

டுரியான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த சின்னத்தம்பி, பழம் உதிர்வது முந்திவிட்டதால் சனிக்கிழமையே லாரியோடு வந்து நின்றான். பிரேமலா தலைமுழுகி முடித்திருந்தாள். சோறு தட்டில் இருந்தது. லாரி தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை நுழைந்தது.

லாரியின் பின்னால், டுரியான் கூடைகளுக்கு நடுவே, ஒரு சங்கிலி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கிரில் வழியாக அவளுக்கு அது தெரிந்தது. சின்னத்தம்பி இறங்கி, “என்ன அண்ணி, நம்ம ஆள் ரெடியா?” என்று உற்சாகமாகக் கேட்டான்.

இன்னும் காக்கைக்கு வைக்கவில்லை, வைத்துவிட்டுப் பேசலாம் என்றாள் பிரேமலா. அதற்கு மேல் எந்த ஆண்பிள்ளையும் பேச முடியாது. தட்டைச் சதாசிவத்திடம் கொடுத்தாள். நீங்கள் வெளியே போய்ச் சுவரில் வையுங்கள், நான் உள்ளே நிற்கிறேன் என்றாள். கரண்டியை எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையில் தெம்பே. பிடித்த பிடியில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

சதாசிவம் சோற்றை வைத்து, கா கா என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் காக்கை வருமா என்று அவளுக்குச் சந்தேகம். வந்தது. மின்கம்பத்திலிருந்து ஒன்று இறங்கிச் சுவரின் ஓரத்தில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தது. கயா கிரில்லடியிலிருந்து எழுந்தது. சுவரை நோக்கி நடந்தது. ஓடவில்லை, நடந்தது. சுவருக்குக் கீழே போய் நின்றது. உடம்பு முழுக்க வில்லாய் முறுகியது. பின்னங்கால்கள் தரையில் அழுந்தின.

சாலையில் சின்னத்தம்பி இடுப்பில் கைவைத்து நின்றான். லாரி வாசலை மறைத்ததைக் கேட்க வந்த காளிதாஸ், விஷயம் வேறு என்று கண்டு வாயை மூடிக்கொண்டார்.

கயா எகிறவில்லை. பின்னங்கால்கள் மெதுவாக மடிந்தன. சுவருக்கு அடியில், காக்கைக்கு நேர் கீழே, அது உட்கார்ந்தது. உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, தூரத்தில் கிரில்லுக்குப் பின்னால் இருந்த பிரேமலாவைப் பார்த்தது.

“பாஸ்” என்றாள் பிரேமலா. குரலே எழும்பவில்லை, ஆனாலும் நாய்க்குக் கேட்டது, காது நிமிர்ந்தது. கரண்டியை நீட்டினாள். முன்கூடத்தின் பாதிக்குக்கூட எட்டவில்லை. கயா கரண்டியைப் பார்த்தது, காக்கையைப் பார்த்தது, திரும்பவும் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குப் பழகிய பார்வை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் பெட்டியைச் சரியாகக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்களே, அது. அந்த நேரத்தில் மேற்பார்வைக்காரி வேறு பக்கம் திரும்பியிருந்தால், அடுத்த பெட்டி எப்படி வரும் என்று பிரேமலாவைவிட நன்றாகத் தெரிந்தவர் பாசிர் கூடாங்கில் இல்லை.

கரண்டி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. கிரில்லின் தாழ்ப்பாள் இழுபட்டது. வெளியே வந்த கால்கள் தன்னுடையவைதானா என்று பிரேமலா குனிந்து பார்க்கவில்லை. “எழுந்திருக்காதீங்க, எழுந்திருக்காதீங்க, வர்றேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். சூடான ஈர உதடு ஒன்று உள்ளங்கையைத் துடைத்தது. பல் படவில்லை. சுவரின்மேல் காக்கை முதல் வாய் சோற்றை எடுத்தது. பக்கத்தில் இன்னொன்று வந்து இறங்கியது. “பாஸ்” என்றாள், இந்த முறை தொழிற்சாலைக் குரலில். அடுத்த துண்டு. இன்னும் ஒன்று. காக்கைகள் நிதானமாகத் தின்றன. ஒரு பருக்கைகூட உள்ளே விழவில்லை. அவளுக்குக் கண் நிறைந்து, மூக்கு ஒழுகி, கை முழுக்க நாயின் எச்சில்.

காளிதாஸ் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். கயா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிரேமலாவின் கையைக் கவனித்தது. ரொட்டி சானாய் விழுந்த நாளிலிருந்து அவர் எதிர்பார்த்த அமைதி அது. ஆனாலும் அவருடைய முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம் தெரிந்தது.

சின்னத்தம்பியின் முகத்தில் தெரிந்தது லேசான ஏமாற்றம் இல்லை. அவன் சதாசிவத்தை ஓரமாக அழைத்துப் போனான்.

“டேய் சதா, காக்கா மேல உக்காந்து திங்குது, இது கீழ உக்காந்து பாக்குது. குலைக்காத நாய வச்சுக்கிட்டுத் தோட்டத்துல நான் என்னடா செய்றது? திருடன் வந்தா இது பாஸ் வாங்கிட்டுப் போயிரும்லா.”

சதாசிவம் வருத்தம் தெரிவித்தார். இவ்வளவு சந்தோஷமாக அவர் வருத்தம் தெரிவித்ததே இல்லை. சின்னத்தம்பி ஒரு கூடை டுரியானை இறக்கி வைத்துவிட்டு, சுருட்டிய சங்கிலியோடு லாரியைத் திருப்பினான். குலைக்கிற நாயை யாரிடமாவது கண்டால் சொல்லச் சொன்னான்.

நாயைக் காப்பாற்றியது தான் சொன்ன விஞ்ஞான முறை என்று லோஷினி இன்றைக்கும் பினாங்கில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தலைக்கவசத்தோடு நடந்த நடை என்கிறார் சதாசிவம். குடியிருப்போர் குழு கொடுத்த நெருக்கடி என்று காளிதாஸ் கூட்டத்தில் பேசினார். அன்று நடந்தது இவ்வளவுதான்: பிரேமலா கிரில்லைத் திறந்து வெளியே போய், சுவரடியில் உட்கார்ந்திருந்த நாய்க்கு முன்னால் குனிந்து, அதன் வாயருகே தன் கையை நீட்டித் தெம்பே கொடுத்தாள்.